அக்கம்பக்கத்து விசாரணை

தூத்துக்குடி மில்லர்புரத்தில் அந்தத் தெருவைப் பொறுத்தவரை, பேச்சித்தாயின் கடையைத் தாண்டாமல் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை. கடை என்னவோ எட்டடிக்கு ஆறடிதான். நாலு மிட்டாய் பாட்டில், ஒரு சோடா பெட்டி, தொங்குகிற வாழைத்தார், செல்போன் வழியாகப் பணம் வந்தால் பெண் குரலில் ஊருக்கே கத்திச் சொல்லும் ஒரு சின்னப் பெட்டி. ஆனால் கடை இருப்பது தெருமுனையில். பெண் பார்க்க வருகிற கூட்டத்துக்கு முன்னால், பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க வருகிற ஒற்றை ஆள் அந்த முனையில் நின்றுதான் ஆகவேண்டும். வெயிலில் வந்தவன் சோடா கேட்பான். சோடாவை உடைத்துக் கொடுப்பதற்குள், இவன் மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா, சித்தப்பனா, தரகனா என்று பேச்சித்தாய் கண்டுபிடித்துவிடுவாள். இப்படி அவள் வாய் புண்ணியத்தில் கரையேறிய பெண்கள் ஒன்பது பேர். பத்தாவதாக ஒருத்தியும் உண்டு. அவளைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அன்று செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி வெயிலில் ஸ்கூட்டரை விட்டு இறங்கியவருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு, இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, தோளில் ஒரு பை. பன்னீர் சோடா வாங்கிப் பாதி குடித்துவிட்டு, பையிலிருந்து அட்டையும் பேனாவும் எடுத்தார். தங்கதுரை மகள் இந்துமதி என்ற பெண் இந்தத் தெருவில்தானே இருக்கிறாள் என்று கேட்டார்.

பேச்சித்தாய்க்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இந்துமதிக்கு இருபத்தாறு முடியப்போகிறது. இந்தக் கேள்வியை யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாள். இந்த மனிதர் எங்கிருந்து வருகிறார், யாருக்காகக் கேட்கிறார் என்று சொல்லவில்லை. நல்ல தரகர்கள் சொல்லமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதிலும் கேள்விகளை வரிசையாக எழுதிவைத்துக் கேட்கிற தரகரை அவள் பார்த்ததே இல்லை. பெரிய இடத்துச் சம்பந்தமாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, பதில் சொல்லத் தயாரானாள்.

சொந்த வீடா? சொந்த வீடுதான். எத்தனை வருஷமாக? பிள்ளை பிறந்ததே இங்கேதான். இதுவரை எல்லாம் உண்மை. அடுத்து அவர், அந்தப் பெண் என்ன தொழில் செய்கிறாள் என்று கேட்டார்.

"தொழிலா? என்ன சாமி இப்படிக் கேக்கிய. அது வீட்டோட இருக்க பிள்ளை. நாலு பேரு முகத்தை நிமிந்து பாக்காது. பொழுது போகாம எங்கயோ கணக்கு எழுதப் போகும், அம்புட்டுத்தான்."

அப்படியானால் வாசலில் நிற்கும் லோடு ஆட்டோ யாருடையது என்று கேட்டார். அது அவளுடைய மாமன் மகனுடையது, இங்கே நிழல் இருக்கிறதென்று நிறுத்தி வைத்திருக்கிறான் என்று பேச்சித்தாய் கண் இமைக்காமல் சொன்னாள். பேனா கொஞ்சம் தயங்கியது. கடைசியாக, கடன் கிடன் வாங்குகிற பழக்கம் உண்டா, வாங்கினால் ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பாளா என்று கேட்டார்.

"கடனா? அந்தப் பிள்ளை பேங்கு வாசல்ல காலை வச்சு நான் பாத்ததே இல்ல சாமி."

எதிர்வரிசையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த வளனையும் அவர் கேட்டார். பேச்சித்தாய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினாள். வளன் தேய்ப்புப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, அவள் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டான். வந்தவர் வீட்டை ஒரு படம் எடுத்துக்கொண்டார். சோடாவுக்குக் காசு வேண்டாம் என்று பேச்சித்தாய் எவ்வளவோ மறுத்தும் கேட்கவில்லை. விசாரிக்கப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட இனாமாக வாங்கக்கூடாது என்று சொல்லி, செல்போனில் பணத்தைத் தட்டினார். பெட்டி, பதினைந்து ரூபாய் வந்துவிட்டதாகத் தெருவுக்கே அறிவித்தது. போகும்போது அவர் முகம் சற்று வாடியிருந்தது. வெயில் என்று பேச்சித்தாய் நினைத்துக்கொண்டாள்.

இந்துமதியைப் பற்றி அவள் சொன்னதில், வீட்டைத் தவிர, ஒரு வார்த்தை உண்மை கிடையாது. அதுவும் தெரியாமல் சொன்ன பொய் இல்லை. அந்தப் பெண்ணின் பெருமை முழுவதும் பெற்றவர்களைவிடப் பேச்சித்தாய்க்குத்தான் தெரியும்.

இந்துமதியின் அப்பா தங்கதுரை பலசரக்குக் கடை வைத்திருந்தவர். வாழ்நாளில் யாரிடமும் கைநீட்டாதவர். அந்தப் பெருமையை மட்டும் வாசனைத் திரவியம் மாதிரி பூசிக்கொண்டு திரிவார். இந்துமதி இருபத்தொரு வயதில், துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதப் போனாள். தினமும் பஸ்ஸுக்கு நின்று அலுத்து, ஸ்கூட்டர் வாங்கக் கடன் கேட்டாள். வங்கியில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடன் கட்டுகிற ஒழுங்குக்குப் போடும் மார்க்கான சிபில் ஸ்கோர் மைனஸ் ஒன்று என்றார்கள். கடனே வாங்காத குடும்பத்துக்கு மைனஸா என்று தங்கதுரை மூன்று நாள் சாப்பிடாமல் குதித்தார். மகள் குதிக்கவில்லை. பேச்சித்தாய் கடையில் நின்று கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டே, "பரீட்சையே எழுதாதவனுக்கு எப்படி மார்க் போடுவான் பெரியம்மா? நாமதான் எழுதணும்" என்றாள்.

எழுதினாள். பதினைந்தாயிரம் ரூபாயை வங்கியில் வைப்பாகப் போட்டு, அதன் பேரில் பன்னிரண்டாயிரம் வரம்புள்ள ஒரு கிரெடிட் கார்டு வாங்கினாள். கார்டு கைக்கு வந்தால் நம் பிள்ளைகள் முதலில் என்ன செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இவள் அதைக் கரண்ட் பில்லுக்கும் போன் ரீசார்ஜுக்கும் தவிர வேறெதற்கும் தொடவில்லை. மாதம் ஆயிரத்துச் சொச்சம், கடைசித் தேதிக்கு முன்னாலேயே முழுத் தொகையும் கட்டிவிடுவாள். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வேலைக்குப் போகும்போது கடையில் நின்று, போனில் தன் ஸ்கோரைப் பேச்சித்தாயிடம் காட்டுவாள். ஏறியிருந்தால் ஒரு கடலைமிட்டாய் இனாம். அது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

ஒரு தடவை முப்பது மார்க் இறங்கியது. சித்தி மகள் கல்யாணத்துக்குச் சீர் கொடுக்க, கார்டில் பதினோராயிரத்துக்கு மிக்ஸியும் குக்கரும் வாங்கிவிட்டாள். பணத்தைத் தேதிக்குள் கட்டியும் இறங்கிவிட்டது. வரம்பை ஒட்டிச் செலவு செய்கிற ஆள் கைமுட்டுப்பாட்டில் இருப்பதாக அந்தக் கணக்கு நினைத்துக்கொள்ளுமாம். அன்று அவள் முகம் தொங்கிப்போயிருந்தது. பேச்சித்தாய் பாவப்பட்டு மிட்டாயை நீட்டியபோது, இறங்கினதுக்கு மிட்டாய் கிடையாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எடுத்த ஸ்கூட்டர் கடன், அதை முடித்தபின் எடுத்த லோடு ஆட்டோ கடன், எதிலும் ஒரு நாள் பிந்தியதில்லை. மாமன் மகன் பாண்டித்துரை, அவள் ஸ்கோர் நன்றாக இருக்கிறதென்று தன் பைக் கடனுக்கு அவளை ஜாமீன் போடச் சொன்னான். மாட்டேன் என்றாள். நீயே ஒரு வைப்பு போட்டுக் கார்டு வாங்கு, நான் கூட வருகிறேன் என்றாள். அவன் ஒரு வருஷம் பேசவில்லை. சொந்தபந்தமெல்லாம் இவளுக்குத் தலைக்கனம் என்றது. இருபத்துநாலு வயதில் அப்படி நிற்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

இப்போது அவளுக்குச் சொந்தத் தொழில். காலை ஐந்து மணிக்கே மார்க்கெட்டில் தக்காளியும் முட்டையும் கோழியும் ஏற்றிக்கொண்டு, துறைமுக வாசலில் பாஸைக் காட்டி உள்ளே போவாள். கப்பல் சமையல்காரன் நீட்டுகிற பட்டியலில் ஒரு சாமான் குறையாமல் இறக்கிவிட்டு வருவாள். கப்பலில் வரும் பிலிப்பைன்ஸ்காரர்கள் தூத்துக்குடி முந்திரி மக்ரூனுக்கு அடிமை என்று கண்டுபிடித்து, அதையும் பெட்டி பெட்டியாக விற்றாள். ஒரே ஒரு குறைதான். சித்திரை வெயிலில் ஐஸ் கரைந்து, ஒரு நாள் நாற்பது கிலோ கோழி வீணாகிவிட்டது. இப்போது ஒரு கப்பல் ஏஜென்சி தன்னுடைய கப்பல்களுக்கான மீனும் கறியும் முழுவதையும் ஒன்றாம் தேதியிலிருந்து அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தது. குளிரூட்டிய வண்டி இருக்கவேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. பக்கத்து ஆத்தூரில் ஐஸ்கிரீம் வியாபாரி ஒருவர் தன் வண்டியை ஒன்பது லட்சத்துக்குக் கொடுக்க ஒத்துக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் வரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று முன்பணம் வாங்கியிருந்தார். இரண்டு லட்சம் கையில் இருந்தது. ஏழு லட்சத்துக்கு வங்கியில் மனு போட்டிருந்தாள். அவள் ஸ்கோர் தொள்ளாயிரத்துக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஐந்து வருஷம் அவள் எழுதிய பரீட்சைக்குப் பலன் கிடைக்கிற வாரம் அது.

இத்தனையும் பேச்சித்தாய்க்குத் தெரியும். மனு போட்டதுகூடத் தெரியும். ஆனால் வங்கிக்காரன் தெருவுக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டாரைப் போல அக்கம்பக்கத்தில் விசாரிப்பான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பெண்ணைப் பற்றி யாராவது கேட்டால் அது கல்யாணத்துக்குத்தான். வேறெதற்கும் யாரும் கேட்டு அவள் அறிந்ததில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்கு இந்துமதி வந்தாள். வண்டியை விட்டு இறங்காமல் அதிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மனுவைத் தள்ளிவிட்டார்களாம். ஸ்கோரில் குறையில்லை, விசாரணையில் குறையாம். மேனேஜர் நல்ல மனுஷி, காகிதத்தை வாசித்தே காட்டியிருக்கிறார். மனுதாரர் வீட்டோடு இருப்பவர். பொழுதுபோக்காகக் கணக்கு எழுதுவதைத் தவிரத் தொழில் எதுவும் இல்லை. வாசலில் நிற்கும் வாகனம் உறவினருடையது. மனுதாரர் வங்கிக்கே சென்றதில்லை என்று அக்கம்பக்கத்தார் இருவர் ஒரே மாதிரி கூறுகின்றனர். யாரோ வேறு ஆள் இவர் பெயரில் கடன் வாங்க முயல்வதாகச் சந்தேகம்.

ஒவ்வொரு வரியும் பேச்சித்தாயின் சொந்த வாயிலிருந்து வந்தது. அப்போது கடையில் நின்ற ஆளுக்கு, பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு இருபது ரூபாய் மீதி கொடுத்தாள். அவள் கணக்கில் தப்புவது அதுதான் முதல் தடவை.

"நமக்கு ஆகாதவங்க யாரோ வேணும்னே சொல்லியிருக்காங்க பெரியம்மா" என்றாள் இந்துமதி.

"ஆகாதவங்க இல்ல ஏளா. நான்தான் சொன்னேன்."

தரகர் என்று நினைத்ததையும் வளனைத் தலையாட்ட வைத்ததையும் பேச்சித்தாய் ஒன்றுவிடாமல் சொன்னாள். இந்துமதி கத்தவில்லை, அழவும் இல்லை.  "என்னைப் பத்தி உள்ளதைச் சொன்னா மாப்பிள்ளை கிடைக்காதுன்னு நினைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு அடி அடித்திருந்தாலும் பேச்சித்தாய்க்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக, செல்போனில் பணம் வந்த பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி, பதினைந்து ரூபாய். அந்த வரியில் ராமானுஜன் என்ற பெயரும் பத்து இலக்க எண்ணும் இருந்தன. இனாமாகச் சோடா குடிக்காத அந்த மனிதரின் நேர்மைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எண்ணை அழுத்தினாள்.

ராமானுஜன் ஆழ்வார்திருநகரிக்காரர். வங்கிகளுக்காக வீடு வீடாக விசாரிக்கும் ஏஜென்சியில் பதினெட்டு வருஷமாக வேலை. பேச்சித்தாய் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பெண் மேனேஜரிடம் எழுதிக் கேட்டிருப்பதால் மறுவிசாரணைக்கு உத்தரவு வந்திருக்கிறது, இந்தப் பக்கத்துக்கு இருக்கிற ஒரே ஆள் தானேதான், மூன்று மணிக்கு வருகிறேன் என்றார். வருவதில் பிரயோசனம் இருக்குமா என்று தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மூன்று மணிக்கு வந்தார். இந்துமதியும் வந்து ஓரமாக நின்றாள். பேச்சித்தாயை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதே கேள்விகள், அதே வரிசை. பேச்சித்தாய் இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொன்னாள். கார்டு, ஸ்கூட்டர், லோடு ஆட்டோ, கப்பல், மக்ரூன், வீணான கோழி வரைக்கும் சொன்னாள். ராமானுஜன் பேனாவை மூடினார்.

"அம்மா, நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம். ஆனா செவ்வாய்க்கிழமை ஒண்ணு சொல்லிட்டு வெள்ளிக்கிழமை வேற சொன்னா, யாரோ சொல்லிக்கொடுத்துச் சொல்றதாத்தான் நான் எழுதணும். கடன் கிடைக்கலைன்னதும் அக்கம்பக்கத்தார் பேச்சை மாத்தறது எனக்குப் புதுசு இல்லை. நீங்க ஏன் அன்னைக்கு அப்படிச் சொல்லணும்?"

அப்போதுதான் பேச்சித்தாய் பத்தாவது பெண்ணைப் பற்றிச் சொன்னாள். எதிர்வரிசையில் மூன்றாவது வீட்டு முத்துச்செல்வி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா வந்து சோடா குடித்தார். குடும்பம் எப்படி என்றார். பேச்சித்தாய் அப்போது கடை வைத்த புதுசு, சூதுவாது தெரியாது. அப்பாவுக்குக் கொஞ்சம் கடன் இருக்கிறது, ஆனால் தங்கமான மனுஷன் என்றாள். சித்தப்பாவுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. சோடாவை மிச்சம் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் முத்துச்செல்விக்கு ஒன்றும் அமையவில்லை. கடைசியில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். தெரு முழுக்கப் பத்திரிகை வைத்தார்கள், இந்தக் கடையைத் தவிர.

"அன்னையிலயிருந்து எந்தப் பொம்பளப்பிள்ளையப் பத்தியும் கடன்ங்கிற சொல்லை நான் எடுக்கது இல்ல சாமி" என்றாள்.

ராமானுஜன் பெருமூச்சு விட்டார். நல்ல காரணம்தான், ஆனால் படிவத்தில் அதற்கு இடம் கிடையாது என்றார். அட்டையைப் பைக்குள் வைக்கப் போனார். இந்துமதி, "விடுங்க பெரியம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். அந்தக் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. ஐந்து வருஷத்தில் இந்தப் பெண் அலுத்துப் பேசிப் பேச்சித்தாய் கேட்டதே இல்லை. அது அவளை உலுக்கிவிட்டது.

"நில்லுங்க சாமி" என்றாள். "சொல்லிக்கொடுத்துச் சொல்லுதேன்னுதான சொல்லுதிய? அந்த வெள்ளம் வந்துச்சுல்லா, அன்னைக்கு நடந்தது எனக்கு யாரு சொல்லிக்கொடுப்பா?"

வெள்ளம் என்றதும் ராமானுஜன் கை நின்றது. இரண்டாயிரத்து இருபத்துமூன்று மார்கழி வெள்ளத்தைத் தூத்துக்குடியில் யாரும் மறக்கவில்லை. அந்தத் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, பால் இல்லை. பேச்சித்தாயின் பிஸ்கட் பாக்கெட்டுகள் தெருவில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. அப்போது இந்துமதி தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வெளியே கிளம்பினாள். எங்கே என்று கேட்டால், கார்டுக்குப் பணம் கட்ட இன்றுதான் கடைசி நாள் என்றாள். பேச்சித்தாய் வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஊரே முங்கிக் கிடக்கும்போது உன் பணத்துக்கு எவன் அழுகிறான் என்று கேட்டாள். அவள் கேட்கிற மாதிரி இல்லை. தனியாக விட மனசில்லாமல் பேச்சித்தாயும் கூடவே போனாள். சாக்கடை எது, ரோடு எது என்று தெரியாத தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். போனை முறுக்குக் கவருக்குள் போட்டுக் கட்டி, பேச்சித்தாய் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது மைல் பாலத்தில் ஏறியதும் சிக்னல் வந்தது. போனில் சார்ஜ் நாலு சதவீதம்தான் இருந்தது.

"தண்ணி ஏறினது திங்கக்கிழமை. இது புதன்கிழமை மத்தியானம். ஆயிரத்து நூத்து நாப்பது ரூபா கட்டினா. எனக்கு மறக்காது. அந்த ஆயிரத்து நூத்து நாப்பதுக்கா என் காலை ஆணி கிழிச்சுதுன்னு பாலத்துல நின்னு நான் ஒப்பாரி வச்சேன். அதுக்கு இவ, என்ன பெரியம்மா செய்ய, தண்ணி வடிஞ்சிரும், நான் கட்டலன்னு விழுந்த கோடு வடியாதுல்லான்னா. பேங்குல பாருங்க சாமி. நான் சொல்லுத தேதியும் ரூபாயும் அங்கன இல்லைன்னா, நான் பொய்க்காரின்னு எழுதிக்கிடுங்க."

சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். நீளமாக ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது.

ராமானுஜன் இந்துமதியைப் பார்த்தார். அவள் திரும்பி வந்து, போனில் பழைய கார்டு கணக்கைத் தேடி எடுத்து நீட்டினாள். டிசம்பர் இருபது, செலுத்தியது ஆயிரத்து நூற்று நாற்பது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். டிசம்பர் இருபது என்ன கிழமை என்று தன் போனில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு அவள் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த மாசம் என் கடன் தவணையை நான் கட்டலைம்மா" என்றார். "ஆத்து வெள்ளத்துல எங்க வீடு முங்கிப் போச்சு. கையில பணம் இருந்தது. இந்த நேரத்துல யாரு பார்க்கப்போறான்னு ரெண்டு மாசம் விட்டுட்டேன். பொண்ணுக்குக் காலேஜ் கடன் கேக்கப்போனப்ப அதைத்தான் முதல்ல எடுத்துக் காட்டினாங்க. பதினெட்டு வருஷமா ஊரார் ஒழுங்கை விசாரிக்கிறவன் நான்."

பேனாவைத் திறந்தார். சோடா பெட்டியின் மேல் அட்டையை வைத்து, நின்றபடியே இரண்டு பக்கம் எழுதினார். முதல் வாக்குமூலம் மாறியதற்கான காரணம், கல்யாண விசாரணை என்று தவறாகக் கருதியது என்றே எழுதினார். படிவத்தில் இடமில்லாததால் ஓரத்தில் எழுதி அம்புக்குறி போட்டார். பேச்சித்தாயிடம் கையெழுத்து வாங்கினார். வளன் எதிர்வரிசையிலிருந்து தானாகவே ஓடிவந்து, அன்றைக்குத் தான் சும்மா தலையாட்டியதாக ஒப்புக்கொண்டு, அவனும் கையெழுத்துப் போட்டான். முடிவு தன் கையில் இல்லை என்று ராமானுஜன் சொன்னார். பன்னீர் சோடா ஒன்று வாங்கிக் குடித்தார். காசு வேண்டாம் என்று சொல்ல இந்தத் தடவை பேச்சித்தாய்க்குத் தைரியம் வரவில்லை. பெட்டி கத்தியது.

சனிக்கிழமை பேச்சித்தாய் ஒரு வியாபாரமும் பார்க்கவில்லை. கேட்டதற்கெல்லாம் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கு இந்துமதி வீட்டிலிருந்து வெளியே வந்தாள். நேராகக் கடைக்கு வந்து, பாட்டில் மூடியைத் தானே திறந்து, ஒரு கடலைமிட்டாயை எடுத்துக் கடித்தாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவளும் அப்பாவும் ஆத்தூருக்கு பஸ் ஏறியபோது மணி இரண்டு. கைநீட்டாத பெருமையைப் பேசியே பழகிய தங்கதுரை, திரும்பி வரும்போது அந்த வெள்ளை வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து, தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பதினோரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் காரை விட்டு இறங்கிச் சோடா கேட்டார்கள். அம்மாளின் கழுத்தில் கனமான சங்கிலி. பேச்சித்தாய் இந்தத் தடவை எதையும் தானாகக் கண்டுபிடிக்க முயலவில்லை. முதலிலேயே கேட்டுவிட்டாள், வங்கியா கல்யாணமா என்று. அவர்கள் விழித்தார்கள். ஆத்தூரில் வெற்றிலை மண்டி வைத்திருக்கிறார்களாம், ஒரே மகனாம், இந்துமதியைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தார்களாம்.

எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியாக அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "கடன் ஏதும் இருக்கா?"

 முத்துச்செல்வியை விசாரிக்க வந்த சித்தப்பா மிச்சம் வைத்த சோடா பேச்சித்தாயின் கண்ணுக்குள் வந்து போனது. எதிரே, கழுவி நிறுத்தியிருந்த குளிர் வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இருக்கு" என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "ஏழு லட்சம். பதினோரு தவணை கட்டியாச்சு, ஒண்ணுகூட ஒரு நாள் பிந்தல. வெள்ளத்துல நடந்துபோய்க் கட்டின பிள்ளை அது. அவ ஸ்கோர் இன்னைக்கு எண்ணூத்தி நாலு. உங்க மவனுக்கு எவ்வளவு, அதைச் சொல்லுங்க முதல்ல."